"கேஸ் ட்ரபுள்தானே!" என்று கடந்துபோகும் அறிகுறிகள்... சினைப்பைப் புற்றுநோயை ஃபேமிலி டாக்டரே முதலில் சந்தேகிப்பது எப்படி?

வயிறு உப்புசமாக இருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. அடிவயிற்றில் ஏதோ ஒரு கனம். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போக வேண்டியிருக்கிறது.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் இந்த நான்கில் எதைச் சொன்னாலும் வீட்டில் கிடைக்கிற முதல் பதில், "கேஸா இருக்கும்... ஓமத்தைக் கொதிக்க வெச்சுக் குடி" என்பதுதான். அதற்கும் அடங்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை. அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் தெருமுனை கிளினிக். பல நேரங்களில் அங்கேயும் இன்னொரு கேஸ் மாத்திரைதான் கிடைக்கும்.

பெரும்பாலானோருக்கு இது சரியான வைத்தியம்தான். நான்கு நாள்களில் வயிறு பழையபடி ஆகிவிடும். ஆனால், மிகச் சிலருக்கு மட்டும் இந்த அறிகுறிகள் சினைப்பைப் புற்றுநோயின் முதல் தகவலாக இருக்கின்றன. அந்தச் சிலரை, ஆயிரம் அஜீரணக்காரர்களுக்கு நடுவே ஃபேமிலி டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பது? உலகம் முழுக்க மருத்துவர்கள் கடந்த கால் நூற்றாண்டாக விடை தேடிவரும் கேள்வி இது. அவர்கள் கண்டுபிடித்தவற்றில் பல, ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய எளிய விஷயங்கள்.

மூன்றாவது இடத்தில் இருக்கும் புற்றுநோய்

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இருப்பது சினைப்பைப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட 2022-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். 

இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலானோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது என்பதுதான். இங்கிலாந்தின் புள்ளிவிவரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 100 பெண்களில் சுமார் 95 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அந்த எண்ணிக்கை சுமார் 15 மட்டுமே.

சினைப்பை, பாதாம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய உறுப்பு. இடுப்புக்குழிக்குள் ஆழமாக இருப்பதால் மார்பகக் கட்டிபோல கையில் தட்டுப்படாது. அங்கே தொடங்கும் புற்றுச் செல்கள் உதிர்ந்து, வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தில் மிதந்து, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலும் வயிற்றின் உட்சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு வயிற்றில் நீர் கோக்கும். அதனால்தான் நோய் இருப்பது சினைப்பையில் என்றாலும், அந்தப் பெண் சொல்வதெல்லாம் வயிற்றுத் தொந்தரவாகவே இருக்கிறது.

'சத்தமில்லாத கொலையாளி' என்ற பெயர் சரியா?

"ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது" என்றுதான் நீண்ட காலமாக மருத்துவப் பாடங்களில் சொல்லப்பட்டுவந்தது. 'சத்தமில்லாத கொலையாளி' என்ற பட்டமும் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண்கள் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் பார்பரா காஃப், அந்தப் பட்டத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்.

சினைப்பைப் புற்றுநோய் வந்த 1,725 பெண்களிடம் அவரது குழு விசாரித்தது. 2000-ம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின் முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தங்களுக்கு அறிகுறிகள் இருந்தன என்று 95 சதவிகிதம் பேர் சொன்னார்கள். ஆரம்பக் கட்ட நோயாளிகளிலும் பெரும்பாலானோர் இதையே சொன்னார்கள். 

டாக்டரிடம் போனபோது அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் என்ன தெரியுமா? 15 சதவிகிதம் பேருக்கு 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' எனப்படும் குடல் எரிச்சல் பிரச்னை என்று சொல்லப்பட்டது. 12 சதவிகிதம் பேருக்கு மன அழுத்தம். 9 சதவிகிதம் பேருக்கு இரைப்பை அழற்சி. 13 சதவிகிதம் பேருக்கு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்ற பதில்.

ஆக, நோய் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது வயிற்றுக் கோளாறின் குரலில் பேசியதால், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

முடியாது. ஒரு ஃபேமிலி டாக்டரின் நாற்காலியில் அமர்ந்து யோசித்தால் சிக்கல் புரியும். வயிற்று உப்புசம், மலச்சிக்கல், பசியின்மை என்று அவரிடம் தினமும் வருபவர்கள் பலர். ஆனால், பொது மருத்துவர் ஒருவர் புதிதாக ஒரு சினைப்பைப் புற்றுநோயாளியைச் சந்திப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். உப்புசம் என்று வருகிற எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் தேவையில்லாத பயமும் செலவும்தான் மிஞ்சும். யாரையுமே அனுப்பாமல் விட்டால், அந்த ஒருவர் தப்பிவிடுவார்.

இதற்கு என்ன வழி? இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வில்லியம் ஹாமில்டன் என்ற பொது மருத்துவரின் குழு ஒரு வேலை செய்தது. 39 கிளினிக்குகளின் பதிவேடுகளை எடுத்து, சினைப்பைப் புற்றுநோய் வந்த 212 பெண்கள் அதற்கு முந்தைய ஓர் ஆண்டில் டாக்டரிடம் என்னென்ன சொன்னார்கள் என்று தேடியது. அதே வயதில், அந்த நோய் இல்லாத பெண்கள் சொன்னவற்றோடு ஒப்பிட்டது. 2009-ம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது.

நோய் வந்தவர்களில் 85 சதவிகிதம் பேர் ஏதாவது ஓர் அறிகுறியை டாக்டரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். இந்த ஆய்வில் கிடைத்த இன்னொரு தகவல், நாம் பேசும் மொழியோடு சம்பந்தப்பட்டது.

உப்புசமா... பெருத்துக்கொண்டே போகிறதா?

வயிறு உப்பி, பிறகு வடிந்துவிடுவது ஒரு வகை. சாப்பிட்ட பிறகு பிளவுஸ் ஹூக்கும் சுடிதார் நாடாவும் இறுக்கும், காலையில் எழுந்தால் சரியாகியிருக்கும். டெவன் ஆய்வின்படி, இந்த வகை உப்புசத்தை மட்டும் சொல்பவர்களில் சினைப்பைப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 0.3 சதவிகிதம்தான். அதாவது, 300 பேருக்கு மேல் பார்த்தால் அதில் ஒருவர்.

வயிற்றின் அளவே கூடிக்கொண்டு போவது இன்னொரு வகை. காலையிலும் வடியாது. நாடாவை வாராவாரம் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். கை, கால், முகம் மெலிந்தாலும் வயிறு மட்டும் முன்னால் வரும். அக்கம்பக்கத்தினர்கூட, "என்ன, தொப்பை போட்டுடுச்சு?" என்று கேட்பார்கள். இந்த வகையில் வாய்ப்பு 2.5 சதவிகிதம். அதாவது, 40 பேரில் ஒருவர். 

முதல் வகையோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு அதிகம். ஆனால், தமிழில் இரண்டையுமே 'வயிறு உப்பியிருக்கு' என்றுதான் பலரும் சொல்கிறோம். "உப்பினது ராத்திரியில வடிஞ்சிடுதாம்மா, இல்லை அப்படியே இருக்கா?" என்று டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

12 நாள் கணக்கு

பார்பரா காஃப் குழு தன் ஆய்வைத் தொடர்ந்து, 2007-ம் ஆண்டில் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தது. அதில் இருப்பவை மூன்று அம்சங்கள்தான். வயிறு உப்புவது அல்லது பெருப்பது, அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, சாப்பிட முடியாமல்போவது அல்லது சீக்கிரமே வயிறு நிறைந்துவிடுவது. இவற்றில் ஒன்றாவது மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் வருகிறதா, அது தொடங்கி ஓர் ஆண்டுக்குள்தான் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பரிசோதனை தேவை.

'ஓர் ஆண்டுக்குள்' என்பது ஏன்? பத்து வருடங்களாகவே வாயுத் தொல்லை இருப்பவருக்கு அது அவரது உடல்வாகாக இருக்கலாம். இதுவரை இல்லாமல் புதிதாகத் தொடங்கியதும், நிற்காமல் தொடர்வதும்தான் இங்கே எச்சரிக்கை மணி.

இந்தக் கருத்தை ஒரு நாட்டின் எல்லா ஃபேமிலி டாக்டர்களுக்குமான வழிகாட்டுதலாக மாற்றியது இங்கிலாந்து. அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, 2011-ம் ஆண்டு சினைப்பைப் புற்றுநோய்க்கான விதிகளை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்...

* பெண்களுக்கு, குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு, விடாத வயிற்று வீக்கம், சீக்கிரமே வயிறு நிறைவது அல்லது பசியின்மை, அடிவயிற்று வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அடிக்கடி, அதிலும் மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால், ஃபேமிலி டாக்டரே பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

* காரணமில்லாத எடைக்குறைவு, அசதி, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் ஆகியவை இருந்தாலும் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும்.

* 50 வயதுக்கு மேல் முதன்முறையாகக் குடல் எரிச்சல் பிரச்னைபோல அறிகுறிகள் வந்தால், உடனே அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்தப் பிரச்னை அந்த வயதில் புதிதாகத் தொடங்குவது அரிது.

* வயிற்றில் நீர் கோத்திருப்பதோ, கட்டியோ கைக்குத் தட்டுப்பட்டால், ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அவசரமாக நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

கடைசி விதிக்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த மெஷின் எதுவும் இல்லை. நோயாளியைப் படுக்கவைத்து, வயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்கும் சில நிமிடங்கள் போதும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மருந்துச்சீட்டு வாங்கி வருகிறபோது தவறிப்போவது இந்தச் சில நிமிடங்கள்தான்.

சி.ஏ.125... நம்பலாம், ஆனால் முழுதாக அல்ல!

சந்தேகம் வந்தால் முதல் பரிசோதனை, சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட்டின் குழு 1981-ம் ஆண்டு இதற்கான வழியைக் கண்டறிந்தது. சினைப்பைப் புற்றுச் செல்லை அடையாளம் காணும் எதிர்ப்பொருளுக்காக வரிசையாக முயன்றதில் 125-வது முயற்சி பலித்தது. அந்த எண்தான் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 99 பேருக்கு இதன் அளவு 35 யூனிட்டுக்குள் இருக்கும். 35-ம் அதற்கு மேலும் இருந்தால் அடுத்து வயிறு மற்றும் இடுப்புப் பகுதிக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதுதான் 'நைஸ்' சொல்லும் வரிசை.

இங்கே இரண்டு பக்கமும் கவனம் தேவை. 

அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மாதவிடாய் நாள்கள், கர்ப்பம், ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் நோய் என்று பல காரணங்களால் இது கூடும். இந்தியாவில் இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு... வயிற்றில் வரும் காசநோய். வயிற்றில் நீர் கோப்பது, எடை குறைவது, சி.ஏ.125 எகிறுவது என அச்சு அசலாகச் சினைப்பைப் புற்றுநோய் போலவே அது காட்சி தரும். அதனால், ஒற்றை ரத்தப் பரிசோதனையை வைத்து "கேன்சர்" என்று சொல்வதும் தவறு; "டி.பி-யா இருக்கும்" என்று ஊகத்தில் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் தவறு. நீரையோ திசுவையோ எடுத்துப் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் ஃபேமிலி டாக்டர்கள் வழியாக இந்தப் பரிசோதனை செய்துகொண்ட சுமார் 50,000 பெண்களின் பதிவுகள் ஆராயப்பட்டு, 2020-ம் ஆண்டு வெளியாயின. அளவு கூடியிருந்தவர்களில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தது பத்தில் ஒருவருக்கு. 50 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் சுமார் 15 சதவிகிதம். அதாவது, ரிசல்ட் பேப்பரில் 'ஹை' என்று பார்த்ததும் இடிந்துபோகத் தேவையில்லை. அதேநேரம், பேப்பரை மடித்து பீரோவில் வைத்துவிடவும் கூடாது.

மறுபக்கம், அளவு சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. முதல் கட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி.ஏ.125 கூடுவதில்லை. அதனால்தான், "ரிசல்ட் நார்மல், ஆனா தொந்தரவு போகலைன்னா திரும்ப வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்ப வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். அப்படிச் சொல்லாவிட்டாலும் நோயாளி திரும்பப் போக வேண்டும்.

யாரிடம் அனுப்புவது? ஒரு பெருக்கல் கணக்கு!

ஸ்கேனில் சினைப்பையில் கட்டி தெரிகிறது. அது சாதாரண நீர்க்கட்டியா, சந்தேகத்துக்குரியதா? இதைக் கணிக்க 1990-ம் ஆண்டிலிருந்து ஓர் எளிய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 

ஸ்கேனுக்கு ஒரு மதிப்பெண், மாதவிடாய் நிலைக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் சி.ஏ.125 அளவோடு பெருக்க வேண்டும். கட்டிக்குள் பல அறைகள், திடமான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடங்களில் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் ஸ்கேன் மதிப்பெண் 1. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. எதுவும் இல்லை என்றால் பூஜ்யம். மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றுவிட்டவருக்கு 3.

இருவருக்கும் சி.ஏ.125 அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாய் தொடரும் 35 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனில் ஓர் அம்சம் மட்டும் தெரிந்தால், 1 x 1 x 40 = 40. மாதவிடாய் நின்ற 58 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனில் இரண்டு அம்சங்கள் தெரிந்தால், 3 x 3 x 40 = 360. ஒரே ரத்த அளவுதான், ஆனால் இருவரின் நிலையும் வேறு வேறு. 250-ஐத் தொட்டாலே புற்றுநோய் சிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்கிறது 'நைஸ்'.

யார் அறுவை சிகிச்சை செய்கிறார் என்பது இந்த நோயில் மிக முக்கியம். பெண்கள் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர்கள், பரவிய பகுதிகளையும் சேர்த்து முழுமையாக அகற்ற முயல்வார்கள். சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து, சந்தேகத்துக்குரிய கட்டியை ஊசியால் உறிஞ்சி எடுப்பதோ, வயிற்றுக்குள்ளேயே உடைத்து அகற்றுவதோ, அடங்கியிருந்த நோயை வயிறு முழுக்கப் பரப்பிவிடும் ஆபத்து உண்டு.

எல்லோரும் வருடம் ஒருமுறை டெஸ்ட் எடுத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. இதைத்தான் இரண்டு மாபெரும் ஆய்வுகள் சோதித்துப் பார்த்தன.

அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான 78,216 பெண்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2011-ம் ஆண்டு வெளியானது. ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொண்டவர்களிலும் செய்துகொள்ளாதவர்களிலும் இறப்பில் வித்தியாசம் இல்லை. மாறாக, நோயே இல்லாத 3,285 பெண்களுக்குப் பரிசோதனை தவறாக எச்சரிக்கை கொடுத்தது. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை வரை போனார்கள். அந்த 1,080 பேரில் 15 சதவிகிதம் பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பேராசிரியர் உஷா மேனன் தலைமையில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள். சராசரியாக 16 ஆண்டுகள் கண்காணித்த பிறகு, 2021-ம் ஆண்டு வந்த முடிவும் ஏமாற்றமே. ஆண்டுதோறும் செய்யப்பட்ட ரத்தப் பரிசோதனை, ஆரம்பக் கட்டத்தில் கூடுதல் பேரைக் கண்டுபிடித்தது. ஆனால், இறப்பு குறையவில்லை.

எனவே, எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் நோய் வரலாறும் இல்லாத பெண்கள், 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியலில் இருக்கிறதே என்பதற்காக சி.ஏ.125 எடுக்கத் தேவையில்லை. 

அப்படியானால், அறிகுறியைக் கவனித்து என்ன பயன்?

மருத்துவர்களுக்குள்ளேயே விவாதிக்கப்படும் கேள்வி இது. அறிகுறி தெரியும்போதே பலருக்கு நோய் சினைப்பையைத் தாண்டியிருக்கும் என்பது உண்மை. வேகமாகப் பரவும் வகை, சினைப்பையில் அல்லாமல் கருக்குழாயின் நுனியிலேயே தொடங்குகிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது.

ஆனால், 'பரவியிருக்கிறது' என்பதிலும் அளவு உண்டு. வயிற்றுக்குள் கடுகுபோலச் சில இடங்களில் பரவியிருப்பதும், குடல் முழுக்க அப்பிக்கிடப்பதும் ஒன்றல்ல. முதலாவதில், கண்ணுக்குத் தெரியும் புற்று முழுவதையும் அகற்ற முடியும். அப்படி முழுமையாக அகற்றப்பட்டவர்களே அதிக காலம் வாழ்கிறார்கள். நல்ல உடல்நிலையோடு ஆபரேஷன் டேபிளுக்குப் போவதும், குடல் அடைத்து எமர்ஜென்சியில் போய் விழுவதும் ஒன்றல்ல.

பிரிட்டனில், அறிகுறிகளின் அடிப்படையில் துரித வழியில் அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2024-ம் ஆண்டு வெளியானது. அவர்களில் வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் முதல் இரண்டு கட்டங்களுக்குள் இருந்தார். சுமார் 60 சதவிகிதம் பேருக்கு நோயை முழுமையாக அகற்ற முடிந்தது. அறிகுறி வந்த பிறகு விரைந்து செயல்பட்டாலும் பலன் உண்டு என்பதற்கு இது சான்று.

நம் ஊரில் நிலவும் மூன்று தவறான நம்பிக்கைகள்

*'பாப் ஸ்மியர் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லை!'* பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அரசின் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டங்களிலும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன. சினைப்பைக்கு அப்படி ஒரு ஸ்கிரீனிங் எந்த நாட்டிலும் பரிந்துரைக்கப்படவில்லை. எனவே, அறிகுறியைக் கவனிக்கும் டாக்டர்தான் இங்கே முதல் வாசல்.

*'கர்ப்பப்பையையே எடுத்தாச்சு, இனி பயமில்லை!'* கர்ப்பப்பையை அகற்றும்போது பலருக்குச் சினைப்பைகளை விட்டுவைப்பார்கள். அப்படி இருந்தால் நோய் வரும் வாய்ப்பும் இருக்கும். உங்களுக்கு எது அகற்றப்பட்டது, எது விடப்பட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை அகற்றப்போகிறவர்கள், கருக்குழாய்களையும் சேர்த்து அகற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010-ம் ஆண்டு முதல் இதை ஊக்குவிக்கிறார்கள்.

*'எனக்கு பி.சி.ஓ.டி இருக்கு, அது கேன்சரா மாறிடுமா?'* இளம்பெண்களுக்கு ஸ்கேனில் சொல்லப்படும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் முதிராத சினைமுட்டைப் பைகள்தான், புற்றுநோய் அல்ல. மாதவிடாய் வரும் வயதில் தோன்றும் பெரும்பாலான நீர்க்கட்டிகள் தானாகவே மறைந்துவிடும். ஆனால், அபூர்வமாக இளம் வயதிலும் வேறு வகைச் சினைப்பைப் புற்றுநோய் வருவதுண்டு. எனவே, வேகமாக வளரும் கட்டியை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது.

டாக்டர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

"உங்க அம்மா, அக்கா தங்கை, சித்தி, அத்தை, பாட்டி யாருக்காவது மார்பகத்துலயோ சினைப்பையிலயோ கேன்சர் வந்திருக்கா?"

பி.ஆர்.சி.ஏ 1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 44 சதவிகிதம் பேருக்கும், பி.ஆர்.சி.ஏ 2 மாற்றம் உள்ளவர்களில் 17 சதவிகிதம் பேருக்கும் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாய் புற்றுநோயால் 2007-ம் ஆண்டு இறந்தார். தனக்கும் பி.ஆர்.சி.ஏ 1 மாற்றம் இருப்பது தெரிந்து, ஜோலி 2015-ம் ஆண்டு தன் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டதை வெளிப்படையாக அறிவித்தார். 

இந்த மாற்றம் அப்பா வழியாகவும் வரலாம். அதனால் அத்தை, அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகியோரின் நோய் வரலாறும் முக்கியம். "வயித்துல கட்டி வந்து போய்ச் சேர்ந்தாங்க" என்று வீட்டில் பட்டும்படாமல் சொல்லப்படும் கதைகளுக்குப் பின்னால் என்ன நோய் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் 'ஓவாகம்' என்ற நோயாளிகள் நல அமைப்பு, அறிகுறிகளை நினைவில் வைக்க 'பீட்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்தில் வயிற்று வீக்கம், உண்பது குறைவது, வயிற்று வலி, கழிப்பறைப் பழக்கத்தில் மாற்றம் ஆகியவற்றின் முதல் எழுத்துகள் அவை. தமிழில் 'வயிறு, பசி, வலி, பாத்ரூம்' என்று நான்கு சொற்களாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிளினிக்குக்குப் போகும் முன்பு இவற்றைத் தயாராக வைத்திருங்கள்...

* வீட்டு காலண்டரில், தொந்தரவு இருந்த நாள்களை மட்டும் வட்டமிடுங்கள். "அடிக்கடி வருது" என்பதைவிட, "போன மாசம் 16 நாள் இருந்தது" என்பது டாக்டருக்குப் பல மடங்கு உதவும்.

* எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். "பொங்கலுக்கு முன்னாடி இப்படி இல்லை" என்பதுகூட நல்ல தகவல்தான்.

* உப்பி வடிகிறதா, வடியாமல் பெருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

* மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அது எந்தக் காரணத்தால் வந்தாலும் பரிசோதிக்கப்பட வேண்டியது.

* ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளைக் கொண்டுபோங்கள். இரண்டு வாரங்கள் கேஸ் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை என்பதே ஒரு தகவல்.

* "படுக்கவெச்சு வயித்தைத் தொட்டுப் பார்க்குறீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. "சினைப்பைக்கு ஒரு ஸ்கேன் பார்க்கலாமா?" என்றும் கேட்கலாம்.

* ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டரிடம் போகாமல், ஒரே டாக்டரிடம் திரும்பப் போங்கள். 'மூன்றாவது முறையாக அதே தொந்தரவோடு வருகிறார்' என்பதை ஃபேமிலி டாக்டரால் மட்டும்தான் கவனிக்க முடியும்.

சந்தேகம் உறுதியானால், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எனத் தமிழகத்தில் சிகிச்சைக்கு இடங்கள் இருக்கின்றன. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சைகள் உண்டு.

வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மா, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனால், அது பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். "பசிக்கலை" என்று அவர் சொல்வது மூன்று வாரங்களாகத் தொடர்கிறதா? கணவரோ மகளோ மருமகளோ, யாராவது ஒருவர் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் அது வெறும் கேஸ் ட்ரபுளாகத்தான் இருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்து அதைச் சொல்லட்டும்!